மிக்ஸியில மாவாட்டுனா மாவு ஏன் இவ்ளோ சூடாகுது? அடுப்பே இல்லையே!

நெல்லைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடக்குற கேள்வி. ஊர்ல அம்மா கிரைண்டர்லதான் ஆட்டுவாங்க, அரைமணி நேரம் ஓடும், மாவை வழிக்கிறப்ப கைய விட்டா லேசா வெதுவெதுன்னு இருக்கும், அவ்ளோதான். நான் சென்னைக்கு வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஒத்தை ரூம் வீடு, கிரைண்டர் வைக்க இடமே இல்ல, 750 வாட்ஸ் மிக்ஸி ஒண்ணுதான். அதுல உளுந்தோ அரிசியோ போட்டு மூணு நிமிஷம் ஓட்டினாலே ஜார் சுடுது, மாவுல விரல விட்டா நல்லா தெரியுற அளவுக்குச் சூடு. அந்த மாவு புளிக்குது ஆனா பொங்கி வரமாட்டேங்குது, இட்லி தட்டையா கெட்டியா வருது. அம்மாகிட்ட போன்ல சொன்னா "ஐஸ் தண்ணி ஊத்தி அரைடி"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. எனக்கு ஏன்னு தெரிஞ்சாகணும். இது மோட்டார் சூடு மேல ஏறுறதா? இல்ல பிளேடு உரசுற சூடா? நெருப்பே இல்லாம ஒரு பொருள் எப்படி இவ்ளோ சீக்கிரம் சூடாகுது? இன்னொண்ணு, ஐஸ் போட்டா எவ்ளோ போடணும், சும்மா ஒரு கட்டி போட்டா போதுமா?

திண்ணைப்பேச்சு:
மோட்டார் சூடுதான். அடில கை வச்சுப் பாருங்க, எப்படிக் கொதிக்குதுன்னு தெரியும். அதுதான் மேல ஏறுது.

சர்வீஸ் தம்பி:
அண்ணா, அது இல்லீங்க. பதினோரு வருஷமா மிக்ஸி சர்வீஸ் பண்றேன். மோட்டாருக்கு அடியில ஃபேன் இருக்கு, அந்தச் சூட்டை அது கீழ வெளிய தள்ளிவிட்டுரும். மோட்டாருக்கும் ஜாருக்கும் நடுவுல இருக்குறது கப்ளர், அது பிளாஸ்டிக் இல்லேன்னா ரப்பர், அது வழியா சூடு ஏறுறது ரொம்பக் கம்மி. அக்கா ஒரு விஷயம் செஞ்சு பாருங்க, அரைச்சு முடிச்ச உடனே ஜாரை எடுத்து மாவு இருக்குற உயரத்துல பக்கவாட்டுல தொடுங்க, அப்புறம் மாவுக்கு மேல காலியா இருக்குற எடத்துல தொடுங்க. மாவு இருக்குற எடம்தான் சுடும். சூடு பிறக்குறதே மாவுக்குள்ளதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு. ஜாரோட அடியில பிளேடு தண்டு நிக்கிற புஷ் தேஞ்சிருந்தாலோ காஞ்சுபோயிருந்தாலோ அங்க உரசல் அதிகமாகி அடிப்பக்கம் மட்டும் தனியாச் சுடும், கொஞ்சம் கருப்பா மாவுல எறங்கும், ஒரு கிறீச் சத்தமும் வரும். அப்படின்னா உடனே மாத்திருங்க, அந்தக் கருப்பு வயித்துக்குள்ள போகவேண்டியதில்ல. அப்புறம் மிக்ஸிய ஒரே மூச்சுல அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓட்டாதீங்க, ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் குடுங்க, பெட்டிலயே அப்படித்தான் போட்டிருப்பாங்க, யாரும் படிக்கிறதில்ல.

பிளஸ்டூ வாத்தியார்:
தம்பி சொன்னது ரொம்பச் சரி. நான் பிசிக்ஸ் நடத்துறவன், இந்தக் கேள்விய வகுப்புல யாராவது கேப்பாங்களான்னு வருஷா வருஷம் எதிர்பாக்குறேன், நீங்க கேட்டது மனசுக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கும்மா.

சூடுங்கிறது ஒரு பொருளுக்குள்ள ஊத்தி வைக்கிற சரக்கு இல்ல. தண்ணியிலயும் மாவுலயும் இருக்குற மூலக்கூறுகள் சும்மாவே இருக்காது, எந்நேரமும் தாறுமாறா ஆடிக்கிட்டும் முட்டிக்கிட்டும் இருக்கும். அந்த ஆட்டத்தோட சராசரி வேகம் கூடுனா அதைத்தான் நம்ம விரல் சூடுன்னு உணருது. அடுப்பு செய்யறதும் அந்த ஆட்டத்தை வேகமாக்குறதுதான், மிக்ஸி செய்யறதும் அதேதான், வழி மட்டும் வேற. பிளேடு மாவை ஒரே திசையில தள்ளிவிடுது, அந்த மாவு ஜாரோட சுவத்துல போய் மோதி, சுழிச்சுத் திரும்பி, பக்கத்துல இருக்குற மாவோட உரசி நிக்கப் பாக்குது. அந்த வேகம் எங்க போச்சு? எங்கயும் போகல. ஒழுங்கான ஒரு ஓட்டமா இருந்தது உடைஞ்சு உடைஞ்சு கோடிக்கணக்கான குட்டி ஆட்டமா மாறிருச்சு. அதான் சூடு.

இப்ப வேகத்தைப் பாருங்க. மிக்ஸி பளு இல்லாம நிமிஷத்துக்கு 18,000 சுத்து சுத்தும், மாவு போட்டா குறையும், 10,000ன்னே வச்சுக்குவோம். பிளேடு சுத்துற வட்டம் குறுக்கால 7 சென்டிமீட்டர்னா நுனியோட வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர் வருது. கிரைண்டர் டிரம் நிமிஷத்துக்கு நூத்திச்சொச்சம் சுத்துதான், அதோட ஓரம் மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நாம நடக்குற வேகம். இயக்க ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும்னு படிச்சிருப்பீங்க. 130ஐ 5ஆல வகுத்தா 26, 26ஐ 26ஆல பெருக்குனா 676. ஒரே அளவு மாவுத்துளி, மிக்ஸி பிளேடு அடிச்சா கிட்டத்தட்ட எழுநூறு மடங்கு ஆற்றலோட பறக்குது. அவ்ளோவும் கடைசியில மாவுக்குள்ளயே அடங்கியாகணும்.

உங்க மூணு நிமிஷத்துக்கு ஒரு தோராயக் கணக்கு. 750 வாட்ஸ்ல பாதி மோட்டார்லயே சூடாவும் சத்தமாவும் போகுதுன்னு எடுத்துக்கிட்டா பிளேடுக்கு வர்றது 375 வாட்ஸ், அதாவது நொடிக்கு 375 ஜூல். 180 நொடிக்கு 67,500 ஜூல். தண்ணியோட சேத்து 800 கிராம் மாவு, அதை ஒரு டிகிரி ஏத்த ஏறக்குறைய 2,650 ஜூல் வேணும். வகுத்துப் பாருங்க, 25 டிகிரி ஏறும். சென்னையில 30ல ஆரம்பிச்சா 55. விரல் சுடாம என்ன செய்யும்!

இதை முதல்ல நல்லா அளந்தவர் ஜூல், 1840கள்ல, இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம், பீர் காய்ச்சுற குடும்பத்துப் பையன். எடைக்கல்லு கீழ எறங்க எறங்க தண்ணிக்குள்ள துடுப்பு சுத்துற மாதிரி ஒரு அமைப்பு செஞ்சு, தண்ணி எவ்ளோ சூடாகுதுன்னு தெர்மாமீட்டர்ல பாத்தார். அவர் பேரைத்தான் ஆற்றலோட அலகுக்கே வச்சிருக்கோம். அவருக்கும் முன்னால 1798ல ரம்ஃபோர்டுன்னு ஒருத்தர், மியூனிக்ல பீரங்கிக் குழாய் குடையுறதப் பாத்துட்டு, அதைத் தண்ணித் தொட்டிக்குள்ள வச்சு மழுங்குன துளைக்கருவியால குடைய வச்சார், குதிரைதான் சுத்துச்சு. ரெண்டரை மணி நேரத்துல தண்ணி கொதிச்சிருச்சு, நெருப்பே இல்லாம. சுத்தி நின்னவங்க அசந்துபோயிட்டாங்களாம். உங்க மிக்ஸி ஜார்ல நடக்குறதும் அதேதாம்மா.

நெல்லைப்பொண்ணு:
சார் ரொம்ப நன்றி, இப்படி யாரும் சொல்லித்தந்ததில்ல. ஆனா ரெண்டு சந்தேகம் வந்துருச்சு. ஒண்ணு, கிரைண்டர் 150 வாட்ஸ்தான்னாலும் அரைமணி ஓடுது, 150ஐ 1800 நொடியால பெருக்குனா 2,70,000 ஜூல் வருதே, மிக்ஸி மூணு நிமிஷத்துல இழுக்குறதே 1,35,000தான், அப்ப கிரைண்டர் மாவுல்ல அதிகம் சூடாகணும்? ரெண்டாவது, எங்க தெரு முக்குல டீ மாஸ்டர் அவ்ளோ உயரத்துல இருந்து டீய ஆத்துறாரு, அதுவும் வேகமாத்தானே விழுது, இயக்க ஆற்றல் சூடாகணும்னா டீ இன்னும் சூடாகணும், ஏன் ஆறுது?

பெரம்பூர் பாட்டி:
நல்ல கேள்வி கண்ணு. எனக்கு கணக்கு வராது, ஆனா கண்ணால பாத்தது சொல்றேன். எங்க வீட்ல ஆட்டுக்கல்லுதான், குழவிய ஒரு கை சுத்த இன்னொரு கை தள்ளிவிடும், முக்கா மணி நேரம் ஆகும், உடம்பெல்லாம் வேர்த்து ஊத்தும் ஆனா மாவு ஜில்லுன்னுதான் இருக்கும். அதே மாதிரி தயிர் கடையுறது. விடியக்காலம் வெயில் ஏறுறதுக்குள்ள மத்து போட்டுருவோம், நேரமாச்சுன்னா வெண்ணெய் திரளாது, ஒழுகலா நிக்கும், கொஞ்சம் பச்சத்தண்ணி தெளிச்சு தெளிச்சுக் கடையணும். இப்ப என் பேத்தி மிக்ஸில பாலாடை அடிக்கிறா, ஐஸ் கட்டி போடாம ஒருநாள் அடிச்சா, மொத்தமும் எண்ணெய் மாதிரி ஆகி மோரும் வெண்ணெயும் பிரியவே இல்ல. நீ சொல்ற அதே சூடுதான் போல.

பிளஸ்டூ வாத்தியார்:
பாட்டிம்மா சொன்னதுலயே முதல் சந்தேகத்துக்குப் பதில் இருக்கு.

கிரைண்டர் கணக்கு நீங்க போட்டது சரிதான், மொத்த ஆற்றல்ல கிரைண்டர்தான் அதிகம். ஆனா அதை எத்தனை பேரு பங்கு போட்டுக்கிறாங்கன்னு பாக்கணும். அதுலயும் பாதி மோட்டார்ல போயிரும். மீதி 1,35,000. மாவு 800 கிராம் இல்ல, ஒரு ஈடு ஆட்டுனா 3 கிலோ இருக்கும். அதுக்கு மேல கல்லு, டிரம் எல்லாம் பங்குக்கு வரும். அரைமணி நேரம் வாய் திறந்தே சுத்துறதால மேல இருந்து ஈரம் ஆவியாகிச் சூட்டை எடுத்துட்டே போகும். நடுநடுவுல நீங்க கைத்தண்ணி வேற தெளிப்பீங்க. மிச்சம் நிக்கிறது கொஞ்சம்தான், அதான் வெதுவெதுப்பு. மிக்ஸில வர்ற சூடு கம்மி நேரத்துல கம்மி மாவுல மாட்டிக்குது, வெளிய போக வழியுமில்ல, அவகாசமுமில்ல.

ஆட்டுக்கல்லு இன்னும் அழகு. அம்பது கிலோ கல்லை ஒரு டிகிரி ஏத்தவே 40,000 ஜூல் வேணும். ஒரு மனுஷி முக்கா மணி நேரம் விடாம சுத்தினா குடுக்குறது ஒரு லட்சம் ஜூல் வரும்னு வச்சாக்கூட கல்லு அதை ரெண்டு மூணு டிகிரில முழுங்கிட்டுப் பேசாம உக்காந்திருக்கும். உங்க வேர்வையோட உழைப்பு மொத்தமும் அந்தக் கல்லுக்குள்ளதான் போச்சு பாட்டிம்மா.

இனி டீ. நீங்க நினைச்சது தப்பே இல்ல, விழுற டீ சூடாகத்தான் செய்யுது! ஆனா எவ்ளோ? ஒரு மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா கிலோவுக்கு 10 ஜூல் கூட இல்ல, அது டீயை 0.002 டிகிரிதான் ஏத்தும். 100 மீட்டர் அருவில விழுந்தாலும் கால் டிகிரிகூட வராது. அதே நேரத்துல ஆத்துறப்ப டீ மெல்லிசா நீண்டு விழுது, காத்துபடுற பரப்பு பல மடங்கு ஆகுது, ஆவி பறக்குது. எந்த மூலக்கூறு வேகமா ஆடுதோ அதுதான் முதல்ல தப்பிச்சு வெளிய ஓடும். வேகமானதெல்லாம் போயிட்டா மிச்சம் இருக்குறதோட சராசரி இறங்குமில்லையா? வகுப்புல நல்லா படிக்கிற பத்துப் பேர் வேற ஸ்கூலுக்குப் போயிட்டா சராசரி மார்க் இறங்குற மாதிரி. 150 மில்லி டீல இருந்து வெறும் ஒரு கிராம் ஆவியானா 2,260 ஜூல் போச்சு, மூணரை டிகிரி இறங்கிரும். ஏறுனது 0.002, இறங்குனது 3.5. டீ மாஸ்டர் கைக்கு உள்ள கணக்கு இதுதான்.

மதுரை மாவுமில்:
இந்தப் பேச்சுல நானும் ஒண்ணு சொல்லணும். எங்க அப்பா காலத்துல இருந்து மாவு மில்லு. பச்சரிசி, மிளகா, மல்லி எது அரைச்சாலும் சுடச்சுடத்தான் வரும், அதுலயும் மிளகாத்தூளு தூக்குச்சட்டிய கைல பிடிக்க முடியாது. அதனாலதான் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவோம், வீட்டுக்குப் போன உடனே மூடி வைக்காதீங்க, பேப்பர்லயோ வெள்ளைத்துணிலயோ பரப்பி ஆறவிட்டு அப்புறம் டப்பால போடுங்கன்னு. கேக்காம அப்படியே மூடி வச்சா உள்ள வேர்த்து மூடில தண்ணி நிக்கும், மாவு கட்டி கட்டியா ஆகும், நாலு நாள்ல பூச்சியும் பூசணமும்.

மல்லி அரைக்கிறப்ப மில்லு முழுக்க வாசம் தூக்கும், வர்றவங்க "ஆஹா"ம்பாங்க. எனக்கு அது வருத்தமாத்தான் இருக்கும், ஏன்னா அந்த வாசம் அவங்க தூள்ல இருக்க வேண்டியது, சூட்டுல எண்ணெய்ப் பசை ஆவியாகிக் காத்துல போகுது. கொஞ்சம் கொஞ்சமா போட்டு, நடுவுல நிறுத்தி நிறுத்தி அரைச்சா வாசம் நிக்கும். பெரிய மசாலா ஆலைங்க சிலதுல மைனஸ் 196 டிகிரி குளிரா இருக்குற திரவ நைட்ரஜனை விட்டு மிளகு அரைக்கிறாங்க, எல்லாம் இந்தச் சூட்டுக்குப் பயந்துதான். வீட்ல ரசப்பொடி மிக்ஸில அடிக்கிறவங்க ஒரே ஓட்டா ஓட்டாம விட்டு விட்டு அடிங்க, அது போதும்.

திண்ணைப்பேச்சு:
நான் மோட்டார்னு சொன்னது தப்புதான், ஒத்துக்கிறேன். சர்வீஸ் தம்பி சொன்ன மாதிரி தொட்டுப் பாத்தேன், மாவு இருக்குற எடம்தான் சுட்டுச்சு. அப்ப இட்லி ஏன் பொங்கல, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? யாரும் அதைச் சொல்லலையே.

கோவை கிரைண்டர்:
நான் சொல்றேனுங்க. கோயம்புத்தூர்ல 1955லயே சபாபதிங்கிறவர் வெட் கிரைண்டர் செஞ்ச ஊருக்காரன், இதுகூட சொல்லலேன்னா எப்படிங்க.

உளுந்துல இருக்குற புரதமும் அந்தக் கொழகொழப்பும்தான் காத்தைக் குமிழ் குமிழாப் பிடிச்சு வைக்கும். கல்லு மெதுவா நசுக்கி, மடிச்சு மடிச்சு திருப்புறப்ப காத்து உள்ள போயி நிக்குது, அதான் கிரைண்டர் உளுந்து மாவு பந்து மாதிரி பொங்கி மேல வருது, ஒரு சொட்டு எடுத்து தண்ணில போட்டா மிதக்கும். மிக்ஸி பிளேடு நசுக்காதுங்க, வெட்டும். போதாததுக்கு சூடு வேற ஏறுனா மாவு எளகி குமிழு நிக்காது. அப்புறம் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்ங்க, லூக்கோனாஸ்டாக்னு ஒரு வகை, அது 30 டிகிரிய ஒட்டித்தான் நல்லா வேலை செய்யும். அதுதான் கேஸ் விட்டு மாவைத் தூக்குது. மாவை 50 டிகிரில கொண்டுபோய் மூடி வச்சா அது பாவம் என்ன பண்ணும். சூட்டுல வேற வகை முந்திக்கிட்டா புளிப்பு மட்டும் வரும், மாவு பொங்கி வராது. நீங்க சொன்ன அறிகுறி அப்படியே அதாங்க.

நம்ம பக்கம் உளுந்தை ஊற வச்ச பாத்திரத்தையே ஃப்ரிட்ஜ்ல வச்சிருவோம். அந்த ஜில்லு உளுந்து, அந்த ஜில்லு தண்ணி, ரெண்டையும் வச்சே அரைச்சா ஐஸ்கூட தேவப்படாது.

பிளஸ்டூ வாத்தியார்:
அருமைங்க. ஐஸ் எவ்ளோன்னு அந்தப் பொண்ணு கேட்டது பாக்கி இருக்கு. ஐஸ் உருகுறப்ப, டிகிரி ஏறாமலே, கிராமுக்கு 334 ஜூல் குடிக்கும். ஐஸ்ல கட்டிப்போட்ட மாதிரி நிக்கிற மூலக்கூறுகளை அவிழ்த்து விடவே அவ்ளோ செலவாகுது. நாம ஊத்துற தண்ணில 100 கிராமுக்குப் பதிலா 100 கிராம் ஐஸ் போட்டா உருகவே 33,400 ஜூல், உருகுன தண்ணி 30 டிகிரிக்கு வர இன்னொரு 12,500. மொத்தம் 45,900. உங்க மிக்ஸி குடுத்தது 67,500. பாக்கி நிக்கிறது 21,600, அது மாவை எட்டு டிகிரிதான் ஏத்தும். ஆக ஒரு கட்டி போதாது, நாலஞ்சு கட்டி, அதுவும் தண்ணிக்கு மேல சேத்தியா இல்ல, தண்ணிக்குப் பதிலா. இல்லேன்னா மாவு நீத்துப்போகும்.

சர்வீஸ் தம்பி:
ஐஸைக் கட்டியா ஜார்ல போடாதீங்க அக்கா, பிளேடு முனை மழுங்கும், சின்ன ஜார்னா கப்ளர் பல்லு போயிரும். துணில சுத்தி உடைச்சு நொறுக்கிப் போடுங்க.

நெல்லைப்பொண்ணு:
எல்லாரும் இவ்ளோ பொறுமையா எழுதுனதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நேத்து ஞாயித்துக்கிழமை, ரூம்மேட்கிட்ட இருந்த கிச்சன் தெர்மாமீட்டரை வாங்கி ரெண்டு ஈடு போட்டுப் பாத்தேன். முதல் ஈடு சாதா தண்ணி: ஆரம்பிக்கிறப்ப 29, மூணு நிமிஷம் கழிச்சு 48. சாரோட கணக்குப்படி 25 ஏறணும், எனக்கு 19 ஏறுச்சு, மிச்சத்தை ஜாரும் பிளேடும் காத்தும் எடுத்திருக்கும்னு நினைக்கிறேன். ரெண்டாவது ஈடு, உளுந்து ஃப்ரிட்ஜ்ல ஊறுனது, தண்ணில பாதிக்கு நொறுக்குன ஐஸ், ஒரு நிமிஷம் ஓட்டி ஒரு நிமிஷம் நிறுத்தி மூணு தடவை: முடிக்கிறப்ப 24தான். ஜாரோட வெளிப்பக்கம் வேர்த்து சொட்டிச்சு, கைய விட்டா ஊர்ல கிணத்துத் தண்ணி மாதிரி ஜில்லுன்னு. ஒரு சொட்டு எடுத்து டம்ளர் தண்ணில போட்டேன், முழுசா மிதக்கல ஆனா அடிக்கும் போகல, நடுவுல நின்னுச்சு.

ரெண்டையும் தனித்தனி பாத்திரத்துல புளிக்க வச்சேன். காலைல பாத்தா ஐஸ் ஈடு மட்டும் மூடிய தொட்டிருந்துச்சு, மத்தது வச்ச எடத்துலயே நின்னுச்சு. ஆனா ஒண்ணு, ஊர்ல அம்மா மாவு பொங்குறதை விட ஐஸ் ஈடு பொங்க ரெண்டு மணி நேரம் அதிகமா ஆச்சு. ஜில்லுன்னு ஆரம்பிச்சதாலதான்னு தோணுது. கோவை அண்ணா, அரைச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் அடுப்படிப் பக்கம் வெதுவெதுன்னு வச்சா சரியாகுமா?

கோவை கிரைண்டர்:
ஆமாங்க, அதேதான். உப்புப் போட்டு கையால நல்லா கலந்து விட்டுட்டு, சோறு வடிச்ச சூடு இருக்குற அடுப்பு மேடையில ஓரமா வைங்க, நேரா சூட்டு மேல வேண்டாம். மார்கழில நாங்க போர்வையே போத்தி வைப்போம்.